மூணு விரல்

“தொறந்துட்டேம்மா” என்றாள் கோமதித்தாய்.

திறந்ததாகத் தெரியவில்லை. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே இட்லியைப் பிட்டு வைக்கவும் இடமில்லை. டாக்டர் ஷீஜா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோய், “நல்லா, நாக்கை நீட்டி” என்றாள். நாக்கின் நுனி மட்டும் வெளியே வந்து நின்றது. வெளிச்சம் அதன் மேல் விழுந்தது, நாக்கின் முதுகில் ஏறியது, அப்புறம் காணவில்லை. எந்த வாய்க்குள் வெளிச்சம் போனாலும் ஈரச்சதையில் பட்டுச் சிவப்பாகத் திரும்பி வரும். ஷீஜா இத்தனை வருஷமாகப் பார்த்துச் சலித்த சிவப்பு. இந்த வாயிலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. டார்ச்சை அணைத்து, உள்ளங்கையில் தட்டி, மறுபடி போட்டாள். பாட்டரி நன்றாகத்தான் இருந்தது.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“ஆச்சும்மா, ரெண்டு மூணு வருசம். பூக் கட்டுத நேரமெல்லாம் பாக்குப் பொட்டலம் வாயிலதான் கெடக்கும். கன்னம் ரெண்டும் இறுகிப்போச்சு. இப்பம் சோத்தைச் சின்னதா உருட்டி உள்ள தள்ளிக்கிடுதேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பும் பல் இடுக்கு வழியாகத்தான் வந்தது.

பித்தப்பையில் கல். மறுநாள் காலையில் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்தால் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செருகி, மயக்க டாக்டர்தான் அவருக்காக மூச்சு விட வேண்டும். குழாய் சுலபமாகப் போகுமா, மல்லுக்கட்டுமா என்று முந்தின சாயங்காலமே பார்த்துவிட வேண்டும். வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்குக்குப் பின்னால் உள்நாக்கு தெரிகிறதா, கழுத்து பின்னால் வளைகிறதா. இதில் முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். நோயாளி தன்னுடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் வாய்க்குள் வைத்துப் பார்த்தால் போதும்.

“உங்க விரலை நீங்களே வைங்க. மூணு விரல்.”

பூச்சந்தையிலிருந்து பிச்சிப்பூ வாங்கி வந்து வீட்டில் கட்டிக்கொடுக்கிறவள் கோமதித்தாய். மெலிந்த விரல்கள், நுனியில் நார் அறுத்த தடம். ஒரு விரல் போனது. இரண்டாவது நகத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளியபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஒன்றரை விரல். ஷீஜாவுக்கு இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. மயக்க மருந்து தசையைத் தளர்த்தும். பாக்கு இறுக்கிய வாயைத் தளர்த்தாது. இந்த ஊரில் இவள்மேல் கை வைக்கக் கூடாது. திருநெல்வேலிக்கு அனுப்பினால், மயங்கவைக்காமலே மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுக் குழாய் போட்டுவிடுவார்கள். ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று.

கழுத்தைப் பார்க்கக் குனிந்தபோது வாடை வந்தது. மழை விழுந்த மண் வாடை. ஜன்னலுக்கு வெளியே மழையும் இல்லை, மேகமும் இல்லை.

“கோயில்ல புத்துமண்ணு ஒரு சிட்டிகை வாயில போட்டுக்கிட்டு வந்தேம்மா” என்றாள் கோமதித்தாய், கேட்காமலே. “கல்லு கரைஞ்சிரும்னு சொன்னாவ. கரையாட்டாலும் குத்தமில்ல, நீங்க இருக்கிய. எம்மவளுக்கு திங்கக்கிழமை பரீட்சை. அதுக்குள்ள வீட்டுக்கு விட்டுருவியளா?”

மண் வாடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஷீஜாவின் காதோரம் அவிழ்ந்திருந்த முடியிழை கோமதித்தாயின் வாயை நோக்கி அசைந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், பேசுகிறவருடைய மூச்சு வெளியே வர வேண்டும். இந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது, விசில்போல மெல்லிய ஒலியோடு. ஷீஜா நிமிர்ந்து முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

வாசலில் நர்ஸ் முத்துத்தாய் போனைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். “மேடம், ஜெபிதா டாக்டர் லைன்ல இருக்காவ. எத்தனை விரல்னு கேக்காவ.”

ஜெபிதா. அந்தப் பேரைக் கேட்டாலே ஷீஜாவுக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சுக்குக் கீழே ஏதோ புளித்துக்கொண்டு வரும். அதற்குப் பொறாமை என்று பேர் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பதினெட்டு வருஷமாக இந்த ஊர் நர்சிங் ஹோம்களில் யார் மயங்கினாலும் ஷீஜா கையால்தான் மயங்கினார்கள். போன வருஷம் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டு மருமகளாக இந்தப் பெண், இவளும் மயக்க டாக்டர், வந்து சேர்ந்தாள். சர்ஜன் சங்கரசுப்பிரமணியன் முதலில் ஒரு கேஸ் கொடுத்தார், அப்புறம் நாலு. போன மாதம் ஷீஜாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “நீங்க சாயங்காலம் பேஷண்டைப் பார்த்துச் சொல்லிருங்க, காலையில ஜெபிதா கொடுத்துருவா. உங்களுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க” என்றார். எத்தனை கரிசனம்! கல்யாணச் சமையலில் உப்புப் பார்த்துச் சொல்ல ஒருத்தி, பந்தியில் நின்று பேர் வாங்க ஒருத்தி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் மருமகள் எதை உடைத்தாலும் மண்குடம்தான். முத்துத்தாய்கூட ஜெபிதாவுக்கு மட்டும் காப்பியைத் தட்டு போட்டு மூடிக் கொண்டுவருகிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் அங்கேயும் பாடகர் குழுவில் முன்வரிசையில் அவள்தான் வாயைத் திறந்து நிற்கிறாள்.

இவ்வளவும் போதாதென்று ஜெபிதாவுக்கு ஷீஜாமேல் பயபக்தி. பார்த்தவர் விரல் கணக்கைச் சொல்வார், கொடுக்கிறவர் ஏற்றுக்கொள்வார் என்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நோயாளி மேஜைக்கு வந்த பிறகு நீயும் ஒருதரம் பார்த்துக்கொள் என்று ஷீஜா ஒரு நாள் சொன்னதற்கு, “அக்கா பாத்த வாயை நான் திரும்பப் பாத்தா, அது என்ன மரியாதை?” என்று கேட்டவள் அவள். அந்த மரியாதை ஷீஜாவுக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. இப்போது முதல்முறையாக அது உபயோகமாகப் பட்டது.

“மூணு விரல்” என்றாள் ஷீஜா.

“மூணு விரலாம், டாக்டர்” என்று முத்துத்தாய் போனில் சொன்னாள்.

கட்டிலில் கோமதித்தாய் தன் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஸாகிவிட்ட பிள்ளையைப்போல முகம் மலர்ந்திருந்தது.

கோமதித்தாய் சாக வேண்டும் என்று ஷீஜா நினைக்கவில்லை. படியிறங்கும்போது இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஜெபிதா திணற வேண்டும், அவ்வளவுதான். வாய் திறக்காது, அவள் வியர்த்துப் போவாள், சர்ஜன் முகம் வெளுக்கும், ஷீஜாவைக் கூப்பிடுங்கள் என்பார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஓடிப்போய், எப்படியாவது ஒரு வழி பண்ணி, மூச்சைக் கொடுத்துவிடலாம். அப்புறம் யார் உப்புப் பார்ப்பது, யார் பந்தி விசாரிப்பது என்று அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் எஸ்ரா முன்னறை விளக்கைப் போட்டுவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாத்தியார், மனைவி முகத்தைப் படிப்பதில் மட்டும் என்றும் தோற்பவன். ஷீஜா கை கழுவினாள். கையுறை போட்டுக்கொண்டுதான் பார்த்தாள், ஆனாலும் விரலில் மண் வாடை இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோசை வார்க்கும்போது எண்ணெய்ப் புகையையும் வெங்காயத்தையும் தாண்டி அது மூக்குக்கு வந்தது. எலுமிச்சைத் தோலை எடுத்து நகக்கண் வரைக்கும் தேய்த்தாள். இரண்டு வாடையும் சேர்ந்து குமட்டியது.

இருட்டியதும் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். எஸ்ரா சங்கீதம் வாசித்தான். அவன் குரலுக்கு அடியில் இன்னொரு ஒலி இருந்தது. மெல்லியது, நீளமானது, சின்ன ஓட்டை வழியாகக் காற்று சிரமப்பட்டு நுழைகிற ஒலி. ஷீஜாவுக்கு அது என்னவென்று தெரியும். மூச்சுவழி அடைபடும்போது தொண்டை போடும் சத்தம். கேட்டதும் மயக்க டாக்டர் எழுந்து ஓட வேண்டிய சத்தம். ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். குளியலறைக் குழாயை இறுக்கினாள். மின்விசிறியை நிறுத்தினாள். நின்ற விசிறியின் கீழே, வியர்த்த கழுத்தோடு, அது இன்னும் தெளிவாகக் கேட்டது.

“உங்களுக்கு ஏதாவது கேக்குதா?”

“என்னத்த?” என்று எஸ்ரா கொட்டாவி விட்டான். வாய் அகலத் திறந்தது. பல் தெரிந்தது, நாக்கு தெரிந்தது. நாக்குக்குப் பின்னால் இருக்க வேண்டியது எதுவும் இல்லை. டியூப் லைட் நேராக அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு, “என்னட்டி அப்படிப் பாக்கே?” என்று சிரித்தான்.

போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். ஜெபிதாவுக்கு எழுதினாள்: ‘தப்பாச் சொல்லிட்டேன். ஒன்றரைதான். திருநெல்வேலிக்கு அனுப்பிரு.’ அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விசில் ஒலி நின்றிருந்தது. வீடு நிம்மதியாக மூச்சு விட்டது. அந்த நேரம் பார்த்து ஜெபிதாவே ஒரு செய்தி அனுப்பினாள்: ‘அக்கா, நீங்க பாத்துட்டீங்கன்னு முத்துத்தாய் சொன்னா. இனி நிம்மதியாத் தூங்குவேன். சார் நாளைக்கு மத்தியானம் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் வருவீங்கதானே?’

பதினெட்டு வருஷத்தில் சங்கரசுப்பிரமணியன் ஷீஜாவை ஒரு நாளும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கடைசி எழுத்து போனதும் விசில் மறுபடி தொடங்கியது, இந்த முறை தலையணைக்குப் பக்கத்தில்.

காலையில் எஸ்ரா பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு ஷீஜா நல்ல சேலை ஒன்றைக் கட்டி, மடிப்பைப் பின் குத்தி, சமையல்கட்டு ஸ்டூலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் விழுந்திருந்தது. எதிர்வீட்டில் குக்கர் சத்தம் போட்டது. தெருவில் கீரைக்காரி போனாள். உலகம் வழக்கம்போல இருந்தது; அவள் விரல்தான் நாறியது. இப்போது உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். இப்போது ஊசி போட்டிருப்பார்கள். இப்போது மூச்சு நின்றிருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது, ஓடினால் தடுத்துவிடலாம் என்று நினைத்தபோதே அந்த நேரமும் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதோடு, சொல்ல வெட்கம், கல்யாண வீட்டுக்குக் கிளம்பக் காத்திருக்கிறவளின் படபடப்பும் இருந்தது.

போன் அடித்தது.

யாரும் பேசுவதற்கு முன்பே பின்னணியில் கருவியின் சத்தம் கேட்டது. ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அது சுருதி இறங்கி அடிக்கும். இறங்கிக்கொண்டிருந்தது.

“ஷீஜா, உடனே வாங்க” என்றார் சங்கரசுப்பிரமணியன். “எதுவும் கேக்காதீங்க, வாங்க.”

ஓடினாள். இரண்டு தெருவையும் செருப்புச் சத்தம் எதிரொலிக்க ஓடிய அந்தக் கொஞ்ச நேரம், அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

தியேட்டர் கதவைத் தள்ளினாள். குளிர். ஸ்பிரிட் வாடை. அடிமட்டத்தில் அடிக்கும் சுருதி. ஜெபிதா இரண்டு கையாலும் முகமூடியைக் கோமதித்தாயின் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். முத்துத்தாய் காற்றுப்பையை அமுக்கினாள். நெஞ்சு எழவில்லை. உதடு நீலம். பச்சைத்துணிக்கு வெளியே கிடந்த கையில், நார் அறுத்த விரல் நுனிகளும் நீலம்.

“அக்கா, வாய் தொறக்கவே மாட்டேங்குக்கா. நேத்து மூணு விரல்னு...” ஜெபிதா முடிக்கவில்லை. அவள் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. தான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்ற தவிப்புத்தான் இருந்தது.

“நேத்து மூணு இருந்துது” என்றாள் ஷீஜா.

சர்ஜன் கையில் கத்தி இருந்தது. “கழுத்துல வழி போட்டுரலாம். டைம் இல்ல ஷீஜா.”

அதுதான் சரி. அது அவளுக்குத் தெரியும். சரி என்றால் போதும், கோமதித்தாய் பிழைத்துக்கொள்வாள். கழுத்தில் ஒரு தழும்போடு திங்கட்கிழமை வீட்டில் இருப்பாள். ஆனால் கழுத்தை அறுத்துக் காப்பாற்றியது சர்ஜன் என்று ஆகும். இவளாலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை என்று ஆகும்.

“வேண்டாம். நான் போட்டுருதேன். தள்ளு ஜெபிதா.”

தாடையில் கை வைத்தாள்.

இறங்கியது.

எந்தத் தடையும் இல்லை. எண்ணெய் விட்ட கதவுபோல இறங்கியது. பின்னால் முத்துத்தாய், “தொறந்துட்டு, தாயே, தொறந்துட்டு” என்று விம்மினாள். மூன்று விரல் இடம். நாலு. ஷீஜா அழுத்துவதை நிறுத்திவிட்டாள். தாடை இறங்குவதை நிறுத்தவில்லை.

விளக்குப் பொருத்திய தகட்டை உள்ளே விட்டாள். நாக்கு. நாக்கின் முதுகு. அப்புறம் ஒன்றுமில்லை. உள்நாக்கு இல்லை. மூச்சுக்குழலின் மூடி இல்லை. குரல்நாண் இல்லை. வெளிச்சம் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. காற்று அவள் முகத்தைத் தடவி உள்ளே இறங்குகிறது.

குழாயை நீட்டினாள். எங்கே என்று தெரியாமல். இருட்டுக்குள்.

யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கவில்லை. நீட்டிய பொருளை எதிரே இருப்பவர் வாங்கிக்கொள்வதுபோல, பதவிசாக. குழாய் வழுக்கி இறங்கி, அதன் வெளிமுனை உதட்டோரத்தில் நின்றது. தகட்டை உருவிக் கீழே போட்டாள். வலது கையை இழுத்தாள். கை வரவில்லை. குழாயோடு உள்ளே போயிருந்த மூன்று விரலையும் எதுவோ பிடித்திருந்தது. பல் இல்லை. பல் எங்கோ தூரத்தில் இருந்தது. அந்தப் பிடி குளிர்ந்தது, ஈரமானது, அவசரமில்லாதது.

சுருதி ஏறத் தொடங்கியது.

ஜெபிதா பையைக் குழாயில் மாட்டினாள். அவள் அமுக்குவதற்கு முன்பே கோமதித்தாயின் நெஞ்சு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. உதட்டில் நீலம் கரைந்து நிறம் வந்தது.

“உள்ள போயிருச்சாக்கா?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சர்ஜன். முத்துத்தாய். எல்லோரையும்விட ஜெபிதா, கண் நிறைந்து, கைகூப்பாத குறையாக. ஒரு வருஷமாக ஷீஜா ஏங்கியது இந்தப் பார்வைக்குத்தான். இல்லை என்று சொல்லலாம். என்னைப் பிடித்து இழுங்கள் என்று கத்தலாம். ஜெபிதாவுக்கு முன்னாலா?

“போயிருச்சு” என்றாள்.

சங்கரசுப்பிரமணியன் முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டார். “இனிமே எல்லாக் கேஸும் நீங்களே இருங்க ஷீஜா. வேற பேச்சே இல்ல.” திரைத்துணியை இழுத்துக் கட்டச் சொன்னார். துணிக்கு அந்தப்பக்கம் அவர் வயிற்றில் கத்தி வைப்பது கேட்டது. கருவி உச்சசுருதியில், அழகாக, ஒரே சீராக அடித்தது.

“அக்கா, குழாயை ஒட்டணும். கையை எடுத்துக்கிடுங்க.” ஜெபிதா பிளாஸ்திரியைக் கிழித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

ஷீஜா இழுத்தாள். தோள்மூட்டு வரை இழுத்தாள். உள்ளே அது அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. நகம். கணு. அடுத்த விரல். நகம். கணு. பார்த்து முடித்ததும் பிடியை மாற்றிப் புறங்கையை வளைத்தது.

“அக்கா?”

கோமதித்தாயின் தாடை நெஞ்செலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. வந்த அவசரத்தில் கழற்ற மறந்த தங்க வளையல் கீழுதட்டில் தட்டி நின்றது. உதடு கொஞ்சம் விலகி வழி விட்டது. வளையல் உள்ளே போனது.